உபயம்: துலுக்கானம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற ரோட்டில் இறங்கி, துலுக்கானம் வீடு எது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டமாட்டார்கள். தாடையால் காட்டுவார்கள். கை நீட்டியதை அவர் பார்த்துத் தொலைத்தால் அதற்கு ஓர் அர்ச்சனை வாங்க வேண்டியிருக்கும். நிலம் நீச்சு என்று வாழ்ந்த குடும்பம். பாதி நிலம் பிளாட் போட்டுப் போய்விட்டது. குரல் மட்டும் ஒரு ஏக்கர்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

அந்த வீட்டின் பின்கட்டில்தான் மணவாளனும் அவன் மனைவி வடிவும் குடியிருந்தார்கள். மணவாளன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஆவடி ஃபாக்டரியில் எலெக்ட்ரீஷியன். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டு, வரிசை நகரும் நகரும் என்று காத்திருக்கிற ஜாதகம். மாதம் பிறந்தால் துலுக்கானம் பின்கட்டுக்கு வருவார். மற்ற வீட்டுக்காரர்கள் "சௌக்கியமா?" என்று கேட்கிற இடத்தில் இவர் "எப்ப காலி பண்ற?" என்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மணவாளனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கிறுக்கு. அது ஒருவனைப் பிடித்துவிட்டால் வேப்பிலை அடித்தாலும் இறங்காது. எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஐ.சி., வயர் என்று எதையாவது பொட்டலம் கட்டி வருவான். ஞாயிற்றுக்கிழமை சினிமா ஓடுகிற நேரமாகப் பார்த்து சால்டரிங் அயர்னைச் செருகுவான். முன்கட்டில் ஃபியூஸ் போகும். கதாநாயகி தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிற கட்டத்தில் டி.வி. இருண்டுபோனால் எந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பார்? ஒரு தடவை, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற யந்திரம் ஒன்று செய்தான். அதன் மூளை மட்டும் மூன்று பலகை அளவு. வடிவின் அரிசிப் பானை இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. தொட்டி நிரம்பியபோது கத்தவில்லை. துலுக்கானத்தின் மாமியார் காரியத்தன்று கத்தியது.

"இது நமக்கு நாலாவது வீடு" என்றாள் வடிவு அன்றைக்கு. "இந்தத் தெருவுல இப்பத்தான் நாலு பேரு என்னய நம்பி ஜாக்கெட் துணி குடுக்காவ. கிணத்துத் தண்ணி கல்கண்டா இருக்கு. இந்த வீடும் போச்சுன்னா, நான் தையல் மிஷினத் தூக்கிக்கிட்டு வள்ளியூர் பஸ் ஏறிருவேன். நீங்க உங்க ஐ.சி.கூடவே குடும்பம் நடத்துங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உளுந்து விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

இது நடந்தது தொண்ணூற்றேழில். ஆனி மாதக் கடைசியில் துலுக்கானம் பூந்தமல்லியில் ஒரு நகைக்கடை வாசலில் அந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டார். கறுப்புப் பலகையில் சிவப்பு எழுத்து ஓடுகிறது! சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்தார்.

"மணவாளா, எழுத்து ஓடுதுபா. ட்ரெய்ன் கணக்கா இந்தாண்ட பூந்து அந்தாண்ட போவுது. உன்னால ஆவுமா?"

மணவாளனிடம் ஒரு வியாதி உண்டு. "உன்னால் ஆகுமா?" என்று கேட்டுவிட்டால் அவன் வாய் அவனைக் கேட்காது. "ஆகும்" என்றது வாய். உள்ளே வடிவின் மிஷின் நின்றது.

"அப்ப கேட்டுக்க. ஆடித் திருவிழால நம்ம அம்மன் டிராக்டர்ல ஊர்கோலம் வருதா? அம்மன் காலடில ஓடணும். 'அம்மன் அருள், உபயம் துலுக்கானம்.' அவ்ளோதான். ஒயிங்கா ஓடிச்சின்னா, காலி பண்ணுன்ற பேச்சே இனி எடுக்க மாட்டேன். நீ கெழவனாவற வரைக்கும் இருந்துக்க. ஓடல, ஊரு முன்னால எம் மானம் போச்சுன்னா, ஆவணி ஒண்ணாந்தேதி சட்டி பானைய தூக்கிகினு கெளம்பிடணும்."

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பதால் ஆவணி வரை தவணை கொடுத்தார். நியாயஸ்தர்தான்.

உபயம் என்றால் இந்த ஊரில் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வருகிற இடமெல்லாம் பெயரை எழுதி, இருட்டையும் சேர்த்து உபயம் செய்கிறவர்கள் இருக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் துலுக்கானத்தின் பெயர் ஓடவே போகிறது என்றால் சும்மாவா?

வேலை பெரிது, கிடைத்த இடம் சிறிது. எழுத்துப் பலகை அம்மன் காலடியில் மாலைக்கு முன்னால் நிற்கும், சரி. அதை ஓட்டுகிற பெட்டி யார் கண்ணிலும் படக்கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கே தேடியும் இடமில்லை. கடைசியில் அம்மனுடைய சிங்கத்தின் பின்னங்கால் இடுக்கில் கொஞ்சம் இடம் கிடைத்தது. மணவாளன் சிங்கத்துக்கடியில் மல்லாந்து படுத்து அளந்து பார்த்தான். குளியல் சோப்பு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா உள்ளே போகும். அதற்குமேல் ஒரு விரல்கூட நுழையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் சபை கூடியது. பலகையை ஓட்டுகிற மூளையாக எந்த ஐ.சி.யை வைப்பது என்பதுதான் வழக்கு. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஜேம்ஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் எலெக்ட்ரானிக் தராசு செய்கிற கம்பெனியில் வேலை. இன்னொருவன் லட்சுமணன், அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். இருவரும் நல்ல நண்பர்கள், ஐ.சி. பேச்சு வரும்வரை. வந்துவிட்டால் ரசிகர் மன்றச் சண்டைதான்.

"மச்சான், எய்ட்டி ஃபிஃப்டிஒன்னுதான் ஐ.சி. மத்ததெல்லாம் பொம்மை" என்று ஆரம்பித்தான் ஜேம்ஸ். "எங்க தராசுல அதான் கீது. யானைய வெச்சாக்கூட எட சொல்லும்."

"அம்மன் காலடில யானை எதுக்கு மாமே?" என்றான் லட்சுமணன். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல், பிறந்த குழந்தை மாதிரி ஒரு குட்டி ஐ.சி. "பேரு பிக்கு. பதினெட்டே காலு. மெமரி கிமரி எல்லாம் வயித்துக்குள்ளயே கீது. கடுகு சிறுத்தாலும் காரம் போவாது. உன்னுது இன்னாது? நாப்பது காலு! பூரானாடா அது?"

"நாப்பது காலுன்னா நாப்பது வேல செய்யும்டா."

"வேல செய்யுமா, நடந்தே பூடுமா? அதுக்கு வெளிய தனியா ஒரு மெமரி, அதுங்க ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ண இன்னொரு ஐ.சி. தப்பா எழுதிட்டா அந்த மெமரிய ஊதா லைட்டுல வெச்சு இட்லி கணக்கா வேக வெக்கணும். நம்ம பிக்கு அப்டியா? கம்ப்யூட்டர்ல சொருகு, அழி, எழுது, எடுத்துகினு போய்கினே இரு."

ஜேம்ஸ் மணவாளன் பக்கம் திரும்பினான். "மச்சான், இவன் சொல்லாத ஒண்ணு சொல்றேன். அந்தக் குட்டியில எடம் ஆயிரத்துச் சொச்சம்தான். புரோகிராமும் அதுக்குள்ள, எழுத்தும் அதுக்குள்ள. இங்கிலீஷுன்னா இருவத்தாறோட போச்சு. நம்ம தமிழு எரநூத்தி நாப்பத்தேழுடா! அரிச்சுவடி கூட அடங்காது. என்னுதுல பெரிய மெமரியா மாட்டினா ஊர்ல கீற அத்தினி பேர் பேரும் ஓட்டலாம்."

"எல்லா எழுத்தும் எதுக்கு?" என்றான் மணவாளன். "ரெண்டு வரிதானே. அதுக்கு வேணுங்கிற எழுத்த மட்டும் படம் வரைஞ்சு உள்ள வச்சாப் போதும்லா?"

"இன்னிக்குப் போதும். நாளைக்கு?"

மத்தியானம் ஆரம்பித்த பேச்சு விளக்கு வைக்கிற நேரம்வரை நீண்டது. ஜேம்ஸ் தராசை விட்டு இறங்கவில்லை. லட்சுமணன் தீப்பெட்டியை மூடவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி என்று மணவாளனுக்குத் தோன்றியது, இந்த மனுஷனுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். கடைசியில் வடிவு டீயை வைத்தாள், குளியலறையிலிருந்து சோப்பு டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"பேசுனது போதும். இதுக்குள்ள எது அடங்குதோ அதச் செய்யுங்க."

ஜேம்ஸ் பையைப் பிரித்து, தன்னுடைய மூன்று ஐ.சி.க்களையும் டப்பாவில் நீளவாட்டில் வைத்தான், குறுக்கே வைத்தான், மூலைக்கு மூலை வைத்தான். வயரைச் சேர்த்தால் மூடி மூடவில்லை. லட்சுமணனின் குட்டி உள்ளே போய், பக்கத்தில் ஒரு சோப்புக்கும் இடம் விட்டது.

"அகலக்கால் வைக்காதன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ?" என்றாள் வடிவு. "இதுல நாப்பது காலாம்லா!"

ஜேம்ஸ் டீயை ஒரே மடக்கில் குடித்தான். "பின்னாடி என்னிய கேக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு மணவாளன் மனிதனாகவே இல்லை. கட்டம் போட்ட காகிதத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு வரிசையாகப் புள்ளி வைத்துப் படம் போட்டான். கோலம் போடுகிற பெண்கள்கூட அத்தனை புள்ளி வைத்திருக்கமாட்டார்கள். 'அ' கொஞ்சம் குண்டாக வந்தது. 'ள்' வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'லு'வுக்குச் சுழி பத்தாமல் மூன்று தடவை அழித்தான். காகிதத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பதும், அதை ஐ.சி.யில் ஏற்றுவதும் லட்சுமணன் பொறுப்பு. அவனுடைய மச்சான் ஆவடி மார்க்கெட் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். அங்கே மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்து இவர்கள் வேலை நடந்தது.

ஆடி பிறந்து ஒரு சாயங்காலம், பின்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்த பலகையில் சிவப்பாக 'அம்மன் அருள்' என்று ஓடியது. பின்னாலேயே 'உபயம் துலுக்கானம்' ஓடியது. நடுவில் குட்டியாக ஒரு குத்துவிளக்குப் படம்கூட வந்து போனது. வடிவு தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இனி இந்த வீட்டுல நிம்மதியா ஒரு முருங்கைக் கம்பு ஊனலாம்."

அந்த ராத்திரி மணவாளன் ராஜாவாகத் தூங்கினான். சந்தோஷம் வருகிறபோது கூடவே ஜம்புலிங்கமும் வருவார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜம்புலிங்கம் துலுக்கானத்தின் பங்காளி. திருமழிசையில் அரிசி மில் வைத்திருக்கிறார். வருஷா வருஷம் அம்மனுக்கு டிராக்டர் அவருடையது. திருவிழா அன்று காலையில், அம்மனுக்கு அலங்காரம் பாதி முடிந்த நேரத்தில், வந்து நின்று பலகை ஓடுவதைப் பார்த்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டாம் சுற்றும் பார்த்தார்.

"எம் பேரு எங்க?"

"உம் பேரு எதுக்கு?" என்றார் துலுக்கானம்.

"டிராக்டரு என்னுது."

"பலக என்னுது."

"பலகைக்கு கரண்டு எங்கேர்ந்து வருது? பேட்டரி என்னுது நைனா. பேரு இல்ல, பேட்டரி இல்ல. அம்மாவ தோள்ல தூக்கிகினு போ."

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். பேட்டரி இல்லாமல் டிராக்டரே கிளம்பாது என்பது எல்லாருக்கும் உறைத்தது. துலுக்கானம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "சரி. எம் பேருக்கு அப்பால வரட்டும்." "இல்ல, முன்னால வரணும்" என்றார் ஜம்புலிங்கம். மணவாளன்தான் நடுவில் புகுந்தான். "அண்ணாச்சி, இது சுத்திச் சுத்தி ஓடுறது. சுத்துறதுல முன்ன ஏது, பின்ன ஏது? எங்கருந்து படிக்கமோ அதுதான் முதல்." அது இருவருக்கும் பிடித்திருந்தது. மணவாளன் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான். பாவம், அடுத்த நிமிஷமே அவனுக்கு வேர்த்தது. ஜம்புலிங்கத்தின் பெயரில் 'ஜ' இருக்கிறது, 'பு' இருக்கிறது, 'லி' இருக்கிறது, 'ங்' இருக்கிறது. 'க'வைக் 'கா'விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாலில் ஒன்றுகூட ஐ.சி.யில் இல்லை. அதைவிட, வைக்க இடமும் இல்லை.

"சம்புலிங்கம்னு போட்டா ஆகாதா? 'ச' கொஞ்சம் சின்ன எழுத்து" என்று கேட்டுப் பார்த்தான்.

"எங்கப்பன் வெச்ச பேர சின்னது பண்றியா?" என்றார் ஜம்புலிங்கம்.

டி.டி.பி. சென்டருக்கு சைக்கிள் பறந்தது. லட்சுமணன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தான். சங்கதி கேள்விப்பட்டு ஜேம்ஸும் வந்தான். "நான் ஒண்ணும் சொல்லல" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

குத்துவிளக்கைத் தூக்கினார்கள். சொல்லுக்குச் சொல் விட்டிருந்த இடைவெளியைச் சுருக்கினார்கள். 'ன'வின் வாலைக் கத்தரித்தார்கள். முதல் காகிதத்தில் 'அம்மன் அருள்' இருந்தது, அதில் கை வைக்க யாருக்கும் தைரியமில்லை. இரண்டாம் காகிதத்தை மணவாளன் புதிதாக எழுதினான். உச்சியில் நட்டநடுவில் 'உ', அதன்கீழ் 'ப', அதன்கீழ் 'ய' என்று வரிசையாகக் கீழே இறங்கி, கடைசியில் ஜம்புலிங்கத்தின் நாலு எழுத்தும். எழுதிக் கூட்டிப் பார்த்தால், அரை எழுத்து அளவுக்கு இடம் இடித்தது.

"அடிச்சுப் பாத்துருவோம். கூட்டுனதுல தப்பு இருக்கலாம்" என்று காகிதத்தை லட்சுமணனிடம் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றான். உள்ளே நிற்க அவனுக்கு மனசு தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு கூச்சல். "அடங்கிடுச்சி மாமே! மிச்சம்கூட கீது! பாத்தியா ஜேம்ஸு, எங்க பிக்க?"

அடங்காதது எப்படி அடங்கியது என்று அந்த மூன்று பேரில் ஒருவனாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. வருகிற லட்சுமியை ஏன் வந்தாய் என்று யார் கேட்பார்கள்? ஐ.சி.யைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

கோயில் வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. மணவாளன் சிங்கத்தின் பின்னால் தலையைக் கொடுத்து ஐ.சி.யைச் சொருகினான், பேட்டரியில் வயரை மாட்டினான். டிராக்டர் உறுமிக் கிளம்பியது. தெருவெல்லாம் வாசலில் தண்ணீர் தெளித்துக் கற்பூரத்தோடு காத்திருந்தது. துலுக்கானம் பட்டு அங்கவஸ்திரத்தோடு டிராக்டருக்கு முன்னால் நடந்தார். நாலடிக்கு ஒருதரம் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பி, பலகையைப் பார்க்கிற சாக்கில் ஜனங்கள் பலகையைப் பார்க்கிறார்களா என்று பார்த்தார்.

பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள்.

'அம்மன் அருள்' என்று ஓடியது. அடுத்து ஓடியது: 'பயம் துலுக்கானம் ஜம்புலிங்கம்.'

முதலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் உரக்கப் படித்தாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அப்புறம் ஜம்புலிங்கத்தின் ஆட்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "துலுக்கானத்துக்கு பயம் வந்துட்ச்சிடோய்!" இந்தப் பக்கம் ஒருவன் விட்டுக்கொடுக்கவில்லை. "கண்ண தொறந்து படி. துலுக்கானம்னா பயம், அவர பாத்து ஜம்புலிங்கத்துக்கு பயம்!" சுற்றிச் சுற்றி ஓடுகிற எழுத்தல்லவா, எங்கிருந்து படித்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் வந்தது. "அருள் பயம்" என்று ஒருவர் சேர்த்துப் படித்துவிட்டு, அருள் வந்தால் பயமாகத்தான் இருக்கும் என்று பக்திப் பரவசத்தோடு ஒப்புக்கொண்டார்.

மணவாளன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "உ எங்கடா? 'உ'வ எங்கடா காணோம்?" என்று லட்சுமணனின் சட்டையைப் பிடித்தான்.

"எந்த உ?"

"உபயத்துக்கு உ! ரெண்டாம் காகிதத்துல முதல்ல இருந்துச்சுல்லா?"

லட்சுமணன் திருதிருவென்று விழித்தான். "மேல... நடுவுல இருந்திச்சே, அதுவா? அது பிள்ளையார் சுழி இல்லியா?"

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்தில் உட்கார்ந்து, காகிதத்தின் உச்சியில் நட்டநடுவில் 'உ' என்று இருந்தால் எந்தப் பிள்ளைதான் அதை எழுத்து என்று நினைப்பான்? அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதற்குக் கீழேயிருந்து அடிக்க ஆரம்பித்திருக்கிறான்.

"இதுக்குத்தான் என்னாண்ட குடுத்திருக்கணும்" என்றான் ஜேம்ஸ். "எங்களுக்கு சுழி கிழி கெடையாது. நான் 'உ'வ 'உ'ன்னே அட்ச்சிருப்பேன்."

வயரைப் பிடுங்கப் பாய்ந்தான் மணவாளன். பூசாரி திரிசூலத்தையே குறுக்கே நீட்டிவிட்டார். "யாருய்யா அது? அம்மா வீதில இருக்கா, அவ காலடி வெளக்க அணைக்கறதா? அடுக்குமா?" ஆக, பலகை ஓடியது. கடைசித் தெரு முக்கு வரைக்கும் ஓடியது.

துலுக்கானம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "ப... யம்..." என்று அவர் உதடு அசைந்ததை மணவாளன் பார்த்தான். அவர் விருட்டென்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் முன்னால் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறுபடி கிளம்பியது. திரும்பினார், நின்றது. தெரு முழுக்க இப்படியே. அவர் வீட்டு வாசலில் அவருடைய மனைவி நாகம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பலகையைப் படித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த அம்மாள் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை. பிறகு எதிரில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு தட்டை எடுத்தாள்.

துலுக்கானம் அந்த இடத்திலேயே கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். டிராக்டர்காரன் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

அம்மன் கோயிலுக்குள் போனதும் அவர் மணவாளன் முன்னால் வந்தார். "ஆடியாவது ஆவணியாவது. காலைல நான் ஏந்துக்கும்போது உன் சாமான் ஒண்ணு எங் கண்ணுல படக்கூடாது!" அந்தக் கத்தல் ஆவடி வரைக்கும் கேட்டிருக்கும்.

விடிந்ததும் வடிவு மிஷினிலிருந்து நூலைக் கழற்றினாள், ஊசியைக் கழற்றினாள், தைக்கக் கொடுத்திருந்த துணிகளை ஆள் ஆளுக்குத் தனித்தனியாக மடித்தாள். மணவாளன் சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "வடிவு, வள்ளியூருக்குப் போயிராதம்மா" என்றான். "நான் இதையெல்லாம் விட்டுருதேன். சத்தியமா விட்டுருதேன்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் யாரோ செருமினார்கள். துலுக்கானம். அந்த மனிதர் செருமிவிட்டு உள்ளே வந்ததே கிடையாது. கண் இரண்டும் தூங்காமல் சிவந்திருந்தன. மணவாளனை அவர் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நெஜத்த சொல்லு. என்னப் பாத்தா உனக்கு பயமா?"

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மணவாளன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். கையை ஆட்டினான். சோப்பு டப்பாவையும் ஆட்டினான்.

"ஆமாங்கய்யா" என்றாள் வடிவு. "பயம்தான். ஒண்ணாந்தேதி வந்தா வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். உங்க செருப்புச் சத்தம் கேட்டா மிஷின நிறுத்திருவேன். இந்த வீட்டுல வந்து இத்தன நாளாச்சு, ஒரு முருங்கைக் கம்பு ஊனத் தைரியம் வரல. எப்ப போகச் சொல்லுவியளோன்னு."

மணவாளன் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது கதை என்று நினைத்தான்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், துலுக்கானம் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"ராத்திரி நாகம்மாவ கேட்டேன். வாயே தொறக்கல. பையன கேட்டேன். 'இல்லப்பா'ன்னான். சொல்லிகினே ரெண்டடி தள்ளி நின்னான்." வடிவு பக்கம் திரும்பினார். "நீ ஒருத்திதான் சொன்ன."

பிறகு மிஷினையும் மடித்துவைத்த துணிகளையும் பார்த்தார். "இத்த எல்லாம் எதுக்கு மூட்ட கட்டிகினு கீற? பிரி. எவனும் எங்கயும் போவ வேணாம். கம்பு நட்டுக்க. கெணத்தாண்ட நடு, ஈரம் கீது."

வடிவு ஊசியை எடுத்து மறுபடி மிஷினில் மாட்டினாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மணவாளன் எழுந்து நின்று கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல், டப்பாவோடு சேர்த்துக் கையைக் கூப்பினான்.

துலுக்கானம் முற்றத்துக்குப் போனார். சமையல்கட்டைப் பார்த்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சமையல்கட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நாகம்மா, காபி இருந்தா ஒரு வாய் குடேம்மா."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. நாகம்மா ஈரக் கையோடு தலைதெறிக்க ஓடிவந்து, அவர் நெற்றியைத் தொட்டாள், மார்பைத் தடவினாள்.

"ஐயோ, இன்னாங்க, மாரு வலிக்குதா?" என்று அலறினாள். "டேய், யாராவது ஆட்டோ கூட்டியாங்கடா!"